நைனாவுக்குச் சுத்தமாக வந்த வார்த்தை

“...இந்த வார்த்த சரியா வர்ற வரைக்கும் உங்க கட்டிலாண்டயே நின்னு சொல்லணும்னுட்டாங்க பெரிய சிஸ்டர், நைனா,” என்றாள் அந்தப் பயிற்சி நர்ஸ். ஏரியில் கையாலேயே நண்டு பிடிக்கும் வீட்டுப் பெண், விரலெல்லாம் தழும்பு. வராத ஆங்கில வார்த்தையை உள்ளங்கையில் தமிழில் எழுதிக்கொள்வாள். அன்றைக்கு, என் நைனாவின் கேஸ் ஷீட்டில் இருந்த ‘ஆம்புடேஷன்’.

“நண்டு தின்ற நாக்குல இங்கிலீஷ் எங்க வரும்?” என்றார் பெரிய சிஸ்டர். வார்டே சிரித்தது. நானும்தான்.

சர்க்கரைப் புண்ணில் கால் கறுத்துப் படுத்திருந்த நைனாவுக்குத்தான் பொறுக்கவில்லை. “வளையில கைய வுட்டு நண்டு இழுத்தவளுக்கு வார்த்த இன்னா பெரிசு? என்கூட சொல்லும்மா.”

அவள் தலைநிமிராமல் சொன்னாள். ஏழாவது தடவை இருவருக்கும் சுத்தமாக வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர் கைதட்டினார்.

நைனாவின் காலை வெட்டியெடுக்கப் போவதைத்தான் அந்த வார்த்தை சொல்கிறது. சம்மதித்து நான் கையெழுத்துப் போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அவரிடம் யாரும் சொல்லவில்லை.

“ஆமா, அப்டின்னா இன்னாம்மா?” என்று நைனா கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உள்ளங்கையை யூனிபாரத்தில் அழுத்தித் துடைத்துவிட்டு, போர்வையை இழுத்து அவர் காலை மூடினாள்.