மேடு ஏறாத சான்றிதழ்

மதுரையில் ஒரு நாளிதழில் மாவட்டச் செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்த நான், இப்போது போடியில் வண்டிகளின் புகையை அளக்கிறேன். தேவாரம் சாலையில் பெட்ரோல் பங்கை ஒட்டிய தகரக் கொட்டகை. ஒரு கணினி, ஒரு பிரிண்டர், புகை அளக்கும் கருவி, அதிலிருந்து நீளும் ரப்பர் குழாய். குழாயின் முனையை வண்டியின் சைலன்சருக்குள் செருகி, நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்வேன். சில தடவை மிதித்ததும் கருவி ஓர் எண்ணைத் தரும். எண் வரம்புக்குள் இருந்தால் சான்றிதழ். வண்டி கொட்டகை முன் நிற்பதைப் படம் எடுத்து இணையத்தில் ஏற்ற வேண்டும். வேலை அவ்வளவுதான்.

போன வருடம் ஏலக்காய் எடுக்கும் பருவத்தில், ஒரு சனிக்கிழமை காலை சிலமலைக்காரர் ஒருவர் ஜீப்பைக் கொண்டுவந்தார். தினமும் விடியலில் பன்னிரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர். முதல் மிதியிலேயே கொட்டகை இருண்டது. எண் வரம்பைத் தாண்டி எங்கோ போய் நின்றது.

"மலைக்குப் போற வண்டி அக்கா. பொகை விடத்தான செய்யும்?"

"மலைக்குன்னு தனி வரம்பு இல்லண்ணே."

"திங்கக்கெழம பேப்பர் இல்லாம வந்தா ட்ரிப்ப வேற ஜீப்புக்குக் குடுத்துருவேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாருக்கா. எனக்கு வேற பொழப்புக் கெடையாது."

மதியம் ஏர் ஃபில்டரை மாற்றிக்கொண்டு வந்தார். எண் இறங்கியது, போதுமான அளவு இறங்கவில்லை. ஞாயிறு மாலை, நான் கொட்டகையைப் பூட்டும் நேரத்தில், மூன்றாவது தடவையாக வந்தார். இந்த முறை சைலன்சரிலிருந்து வெறும் வெப்பம்தான் வந்தது. புது வண்டிக்குக்கூட அப்படி ஓர் எண்ணை நான் பார்த்ததில்லை.

பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். இன்ஜின் முழுக்க எண்ணெயும் புழுதியும் அப்பியிருந்தன. டீசல் பம்பில் இருந்த ஒரே ஒரு திருகு மட்டும் பளிச்சென்று இருந்தது. அதன் விளிம்பில் ஸ்பேனர் பட்ட புதுக் கீறல்கள். அந்தத் திருகை இறுக்கினால் இன்ஜினுக்குப் போகும் டீசல் குறையும், புகையும் குறையும், இழுவையும் போகும். ஊரில் எல்லா மெக்கானிக்குகளுக்கும் இது பழக்கம். சோதனைக்கு முன் இறுக்குவார்கள், சான்றிதழ் கைக்கு வந்ததும் தளர்த்திவிடுவார்கள்.

"பம்புல கை வச்சீங்களா?"

"சர்வீஸ் பண்ணிருக்குக்கா. மெசினு என்ன சொல்லுதோ அத மட்டும் போடுங்க."

மெஷின் பாஸ் என்றது. திருகைப் பற்றி எழுதப் படிவத்தில் இடம் இல்லை. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். கொடுத்த பிறகு மனம் ஒப்பவில்லை. "நாளைக்கு நானும் வர்றேன், மேட்டுல எப்படி ஏறுதுன்னு பாக்கணும்" என்றேன். எண்ணைப் பார்த்தால் போதாது, இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது பத்திரிகையில் படிந்த வழக்கம். அவர் சிரித்தார். "வாங்கக்கா. தேரு மாதிரி ஏறும்."

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். எனக்கு முன் சீட்டில் இடம் கொடுத்தார்கள். முந்தல் வரை சமதளம்; ஜீப்பு ஒழுங்காகத்தான் ஓடியது. மலை தொடங்கியதும் முனக ஆரம்பித்தது. நான்காவது கொண்டை ஊசி வளைவில் முதல் கியரிலும் நகராமல் நின்றது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்.

"என்ன மாப்ளே, வண்டி விரதமா?" என்றார் பின்னாலிருந்த பெண்களில் மூத்தவர்.

டிரைவர் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். "தெறந்து விடலயா? ராத்திரி நீயி வந்து தெறந்திருப்பன்னுல்ல நான் நெனச்சேன்!" என்று கத்தினார். மெக்கானிக்கோ, இவர் சோதனை முடிந்து வண்டியைத் திரும்பக் கொண்டுவருவார் என்று காத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். திருகு இறுக்கியபடியே இருந்தது.

டிரைவரிடம் சரியான அளவு ஸ்பேனர் இல்லை. போகிற வண்டிகளை நிறுத்தி, மூன்றாவது வண்டியில் ஒன்று வாங்கினார். பெண்கள் இறங்கித் தூக்குவாளியோடு ரோட்டோரம் நின்றார்கள்.

"வெரசாப் பண்ணுப்பா. ஏழரைக்குப் பெரட்டுல பேரு வாசிச்சுருவாக. அதுக்கப்புறம் போனா உள்ள விட மாட்டாக."

திருகைத் தளர்த்தி ஸ்டார்ட் செய்ததும் வளைவு முழுக்கக் கரும்புகை. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மூத்தவர் என்னைப் பார்த்து, "யக்கா, ஒங்க பேப்பர அந்தப் பொகைக்கு முன்னாடி கொஞ்சம் காட்டுங்க, நிக்கிதான்னு பாப்பம்" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

மேலே கேரள எல்லைச் சாவடியில் நிறுத்தினார்கள். எங்கள் புகை எங்களை முந்திக்கொண்டு தடுப்புக் கம்பியைச் சுற்றிப் பரவியது. காக்கிச் சட்டைக்காரர் இருமிக்கொண்டே, "பொக சர்டிபிகேட் உண்டோ?" என்று கேட்டார். டிரைவர் நீட்டினார். தேதியைப் பார்த்துவிட்டு, "பொய்க்கோ" என்று மலையாளத்தில் சொல்லி, போகலாம் எனக் கையை அசைத்தார்.

தோட்டத்தை அடைந்தபோது ஏழு ஐம்பது. பேர் வாசித்து முடித்திருந்தார்கள். சூப்பர்வைசர் பெண்களைத் திரும்பிப் போகச் சொன்னார். டிரைவரிடம், "பேப்பர் இருக்கு, சரி. ஆளு நேரத்துக்கு வரணும்ல? நாளைலருந்து அவன் எடுத்துக்கட்டும்" என்று முற்றத்தில் நின்ற இன்னொரு ஜீப்பைக் காட்டினார்.

நான் அந்த ஜீப்புக்கு அருகே போனேன். கண்ணாடியில் சான்றிதழ் ஒட்டியிருந்தது. அதில் அச்சாகியிருந்த படத்தில் ஜீப்புக்குப் பின்னால் பச்சைக் கதவு போட்ட ஒரு கட்டடம். நிமிர்ந்து பார்த்தேன். அதே பச்சைக் கதவு, ஜீப்புக்குப் பின்னாலேயே இருந்தது: தோட்டத்தின் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர். வண்டி எந்தச் சோதனை மையத்துக்கும் போகவில்லை. இங்கே நின்றபடி படம் எடுத்து, போனில் யாருக்கோ அனுப்பி, அளக்காத புகைக்கு ஓர் எண் வாங்கியிருக்கிறார்கள்.

சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கதவைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"தேதி இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்புறம் என்னம்மா? நீங்க ஒங்க சோலியப் பாருங்க."

பெண்களை ஏற்றிக்கொண்டு அதே வழியில் இறங்கினோம். முந்தல் நெருங்கும்போது டிரைவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"நீங்க மூணாவது தடவையும் ஃபெயிலே போட்டிருக்கலாங்க்கா."

"நீங்கதானே மெஷின் சொல்றதைப் போடச் சொன்னீங்க?"

"சொன்னேன். ஃபெயிலு போட்டிருந்தா நானும் அவன மாதிரி போட்டோ எடுத்து அனுப்பிருப்பேன். பம்ப முன்ன மாதிரியே தெறந்து வச்சிருப்பேன். நேரத்துக்குப் போயிருப்போம்."

பின்னால் பன்னிரண்டு பெண்களும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.