பன்னிரண்டு ஜெர்கின்

செக்கர் அக்காவின் எண்ணிக்கை தப்பியதாக எங்கள் கம்பெனியில் யாரும் சொன்னதில்லை. பத்தொன்பது வருஷத்தில் ஒரே ஒரு முறை தப்பியது. அப்போது ஓர் ஆளை மலை உச்சியில் விட்டுவிட்டு நாங்கள் சிரித்துப் பேசிக்கொண்டே இறங்கிக்கொண்டிருந்தோம்.

எங்கள் கம்பெனியில் மழைக்கும் குளிருக்கும் போடும் ஜெர்கின் தைப்பார்கள். தைத்து, பிசிறு வெட்டி, அயர்ன் செய்த பீஸ்கள் நீளமான கம்பியில் வரிசையாகத் தொங்கும். பெட்டிக்குள் போவதற்கு முன் அவற்றை எண்ணுவது செக்கர் அக்காவின் வேலை. மற்ற செக்கர்கள் ஒவ்வொரு பீஸையும் விரலால் தொட்டுத் தள்ளித் தள்ளி எண்ணுவார்கள். இவர் தொடமாட்டார். வரிசைக்குப் பின்பக்கம் போய்க் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கண் போகும். உதடு லேசாக அசையும். அவ்வளவுதான். எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்.

ஒரு தடவை சரக்கு வாங்கும் கம்பெனியின் ஆள் வந்து, பெட்டியில் மூன்று பீஸ் குறைகிறது என்றார். அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்.

"மூணு இல்ல சார், ரெண்டு. அதுவும் நேத்து உங்க ஆளுதான் சாம்பிள் பாக்கணும்னு எடுத்துட்டுப் போனாரு."

பெட்டியைக் கொட்டிப் பார்த்தார்கள். இரண்டுதான். அன்றிலிருந்து மேனேஜர் அவர் எண்ணியதை மறுபடி எண்ணச் சொன்னதில்லை.

இருபத்தேழு வயதில் பிசிறு வெட்ட வந்தவர். வந்த அன்று அவரோடு சேர்ந்தவர் காஜா அக்கா. பட்டன் நுழைகிற ஓட்டையைத் தைக்கும் மெஷினில் அவரை உட்காரவைத்தார்கள். இன்றுவரை அதே மெஷின்தான். அந்தச் சத்தத்திலேயே இருந்து இருந்து காஜா அக்காவுக்குக் காது மந்தமாகிவிட்டது. எதிரே நின்று பேசினால் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வார். முதுகுப் பக்கமிருந்து கூப்பிட்டால் சுவரைக் கூப்பிடுவதும் ஒன்று, அவரைக் கூப்பிடுவதும் ஒன்று. கூட்டமாக உட்கார்ந்து பேசும்போது அவர் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரிப்பார்.

செக்கர் அக்காவுக்கு வீட்டிலும் எண்ணாமல் இருக்க முடியாது. கொடியில் காயும் துணி, கழுவி வைத்த தட்டு, மாடிப்படி, எல்லாமே எண்ணிக்கைதான். அவருடைய வீட்டுக்காரர் தண்ணி லாரி ஓட்டுகிறார். ஒரு நாள் கம்பெனி வாசலில் நின்றவர் எங்களிடம், "எங்க வீட்டுப் பூனைகூட இவளக் கேட்டுட்டுத்தாம்மா குட்டி போடுது" என்றார். அக்கா முறைத்தார். அதற்கும் அசராமல், "நாலுக்கு மேல போகக் கூடாதுன்னு உத்தரவு" என்றார்.

ஒவ்வொரு வருஷமும் கடைசி லோடு போனதும் கம்பெனியை எட்டு நாள் மூடுவார்கள். முன்பெல்லாம் அந்த எட்டு நாளும் நாங்கள் வீட்டில் மற்றவர்களுக்கு வேலை செய்து கழிப்போம். செக்கர் அக்காதான் ஒரு வருஷம், "நாமளும் மனுஷங்கதானே, எங்கயாவது போவோம்" என்று ஆரம்பித்தார். முதல் வருஷம் நான்கு பேர். அப்புறம் வேன் பிடிக்கிற அளவுக்கு ஆள் சேர்ந்தது. புருஷன், பிள்ளை, மாமியார் யாரும் கிடையாது. ஃபினிஷிங் செக்‌ஷன் பெண்கள் மட்டும். மூன்று மலை ஊர் பார்ப்போம், ஒரு பெரிய நகரம் பார்ப்போம், திரும்புவோம்.

அந்த வருஷம் சாயம் சரியில்லை என்று ஒரு ஆர்டர் திரும்பி வந்திருந்தது. அடர்ந்த மெரூன் நிறம், தலைக்கு மூடி வைத்தது. மேனேஜர் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். பன்னிரண்டு பேரும் அதையே போட்டுக்கொண்டு கிளம்பினோம். எந்தக் கூட்டத்திலும் தன் ஆட்களைக் கண்டுபிடித்துவிடலாம் என்று செக்கர் அக்காவுக்குச் சந்தோஷம். வேனில் அவர் கடைசி வரிசையில்தான் உட்காருவார். ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் ஏறியதும் பின்னாலிருந்து ஒரு பார்வை. தன்னைத் தவிரப் பதினொன்று. "ம், போலாம்" என்பார். டிரைவர் வண்டியை எடுப்பார்.

காஜா அக்காவுக்கு அதுதான் முதல் பயணம். அவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. வேறு ஊரில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் செய்து மாத்திரை போட்டாயா, சாப்பிட்டாயா என்று கேட்பாள். மகளுக்கு அம்மாவை அனுப்ப மனமே இல்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் செக்கர் அக்காவிடம் போனில் பேசினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"பெரியம்மா, அவங்களுக்குக் காது கேக்காது. சொன்னா ஒத்துக்கவும் மாட்டாங்க. உங்கள நம்பித்தான் அனுப்புறேன்."

"உங்கம்மாவ எண்ணிக் கூட்டிட்டுப் போய் எண்ணிக் கொண்டாந்து விடுறேன். நீ கவலப்படாம இரு."

மூன்றாம் நாள் காலையில் இரண்டாவது மலைக்குக் கிளம்பும்போதே டிரைவர் எச்சரித்தார். போன வாரம் மலைப்பாதையில் பாறை உருண்டிருக்கிறது. அதனால் அடிவாரத்து செக்போஸ்டில் ஆறு மணிக்குக் கட்டையை இறக்கிவிடுவார்கள். அதற்குமேல் ஒரு வண்டியையும் மேலே விடமாட்டார்கள். இறங்குகிற வண்டியும் ஆறுக்குள் தாண்டிவிடுவது நல்லது என்றார்.

மேலே வியூ பாயிண்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நான்கு. மூடுபனி எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தது. கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக இருந்தது, அவ்வளவுதான். தடுப்பு ஓர் இடத்தில் உடைந்திருந்தது. அங்கே ஒரு கயிற்றைக் கட்டி, கயிற்றில் ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"பள்ளத்தாக்கு காட்டறேன்னு கூட்டிட்டு வந்து வெளுத்த வேட்டியக் காட்டறாரு மனுஷன்" என்றார் அயர்ன்கார அக்கா. வாய்த்துடுக்கு அவருக்குத்தான்.

டிரைவர் சிரிக்கவில்லை. "தெரியலன்னு கிட்டப் போயிடாதீங்கம்மா. பள்ளம் அங்கதான் இருக்கு" என்றார்.

குளிர் தாங்காமல் வேனுக்குள் உட்கார்ந்து டீ குடித்தோம். காஜா அக்கா டிரைவருக்குப் பின்னாலிருந்த ஒற்றை சீட்டில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆள் இருந்தால் பேசவேண்டுமே என்றுதான் அந்த சீட்டை முதல் நாளே பிடித்துக்கொண்டார். டீ அவர் ஜெர்கினில் கொட்டிவிட்டது. கழற்றி ஈரத்தைத் துடைத்து, காயட்டும் என்று சீட்டின்மேல் மாட்டினார். எந்த ஜெர்கினையும் சுருக்கமில்லாமல் மாட்டித்தான் எங்களுக்குப் பழக்கம். தோள் இரண்டும் சீட்டின் இரண்டு முனையில் நின்றன. தலைமூடி தலை சாயும் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. பிறகு அவர் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கினார். கழிப்பறை கீழே நாற்பது படி தள்ளி இருந்தது. எங்களில் பாதிப் பேர் அங்கேதான் போயிருந்தார்கள்.

ஐந்து மணிக்கு டிரைவர் ஹார்ன் அடித்தார். மூன்று தடவை. கீழேயிருந்து ஒவ்வொருவராக மூச்சு வாங்க ஓடிவந்து ஏறினார்கள். பனி வேனுக்குள்ளேயே வந்துவிட்டது போல இருந்தது. "கட்டைய இறக்கிடுவான்மா, சீக்கிரம்" என்று டிரைவர் சொல்லிக்கொண்டே இருந்தார். செக்கர் அக்கா கடைசி வரிசையில் நின்று பார்த்தார். எல்லோரும் குளிருக்குத் தலைமூடியை இழுத்துவிட்டிருந்தோம்.

"பதினொண்ணு. ம், போலாம்."

நான் காஜா அக்காவுக்கு மூன்று சீட் பின்னால் இருந்தேன். சாய்ந்திருந்த தலைமூடியைப் பார்த்தேன். தூங்குகிறார் என்று நினைத்தேன். வளைவில் வண்டி திரும்பும்போது எல்லோர் தலையும் ஆடியது, அது மட்டும் ஆடவில்லை. அதையும் பார்த்தேன். நல்ல தூக்கம் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

செக்போஸ்டைத் தாண்டும்போது ஆறுக்கு ஐந்து நிமிஷம். டிரைவர் பெருமூச்சு விட்டார். யாரோ பாட்டுப் போடச் சொன்னார்கள். அப்போது முன்பக்கம் ஒரு போன் அடித்தது. அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தது.

"காஜா அக்காவ உசுப்புங்கடி, மக கூப்பிடுறா" என்றார் அயர்ன்கார அக்கா. யாரும் எழுந்திருக்காததால் அவரே போனார். தோளைத் தட்டினார். ஜெர்கின் மடங்கி சீட்டில் விழுந்தது. அதன் பைக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

அயர்ன்கார அக்கா திரும்பி எங்களைப் பார்த்தார். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை ஓரம் கட்டினார்.

செக்கர் அக்கா முன்னால் வந்தார். அந்த ஜெர்கினைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். போன் மூன்றாவது தடவை அடித்தபோது எடுத்தார்.

"பெரியம்மாவா? அம்மா எங்க?"

"தூங்குறாடி."

"மாத்திர போட்டாங்களா?"

"போட்டா."

"எழுப்பி ஒரு தடவ குடுங்களேன்."

"பாவம், அசந்து தூங்குறா. அப்புறம் கூப்பிடச் சொல்றேன்."

போனை வைத்தார். மாத்திரை டப்பாவும் பிஸ்கட் பாக்கெட்டும் இருந்த பை அந்த சீட்டுக்கடியில் கிடந்தது. மேலே குளிரில் இருப்பவருக்கு ஜெர்கின் இல்லை, மாத்திரை இல்லை, போன் இல்லை. கூப்பிட்டால் கேட்காது.

செக்போஸ்டுக்குத் திரும்பினோம். கட்டை இறங்கியிருந்தது. காவலாளி முடியாது என்றார். மேல் போஸ்டுக்குப் போன் போட்டுப் பார்த்தார். அங்கிருந்தவர் ஐந்தரைக்கே இறங்கிவிட்டாராம்.

"எறங்குற வண்டி ஏதாவது ஏத்திட்டு வரும்மா. பொறுங்க."

மேலேயிருந்து இரண்டு வண்டிகள் வந்தன. செக்கர் அக்கா இரண்டையும் மறித்து, டார்ச் அடித்து உள்ளே முகம் முகமாகப் பார்த்தார். இல்லை. இரண்டாவது வண்டிக்காரர், தடுப்புப் பக்கம் யாரையும் பார்க்கவில்லை என்றார். பிறகு வண்டியே வரவில்லை.

செக்கர் அக்கா கட்டைக்கடியில் குனிந்து அந்தப் பக்கம் போய் நடக்க ஆரம்பித்தார்.

"எம்மா, இருபது கிலோமீட்டர்மா அது" என்றார் காவலாளி.

அவர் நிற்கவில்லை. பனிக்குள் பாதி மறைந்துவிட்டார். காவலாளி எங்களைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். "பாறை விழுந்தா நான் பொறுப்பில்ல. வண்டியில ஆள் கம்மியா போங்க" என்று கட்டையைத் தூக்கினார். எட்டுப் பேரை அவருடைய அறையில் விட்டுவிட்டு, டிரைவரும் அயர்ன்கார அக்காவும் நானும் போனோம். வழியில் செக்கர் அக்காவை ஏற்றிக்கொண்டோம்.

அந்த ஏற்றத்தில் ஓர் இடத்தில் சின்னக் கற்கள் சரிந்து ரோட்டில் கிடந்தன. நாங்கள் இறங்கும்போது அவை இல்லை. டிரைவர் அவற்றைச் சுற்றிக்கொண்டு போனார். செக்கர் அக்கா முன் சீட்டில் உட்கார்ந்து ரோட்டோரத்துக் கிலோமீட்டர் கற்களையே பார்த்துக்கொண்டு வந்தார். உதடு அசையவில்லை.

வியூ பாயிண்டில் கடைகள் மூடிக் கிடந்தன. ஒரு விளக்குகூட இல்லை. டிரைவர் ஹார்ன்மேல் கையை வைத்தார். அப்புறம் தானே எடுத்துக்கொண்டார். செக்கர் அக்கா டார்ச்சோடு கழிப்பறைக்கு இறங்கினார். படியேறி வந்தார். இல்லை என்று தலையாட்டினார். பிறகு தடுப்பை ஒட்டி நடந்தார். உடைந்த இடம் வந்ததும் நின்றார். கயிறு இருந்தது. சிவப்புத் துணி தரையில் கிடந்தது. அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு டார்ச்சைக் கீழே அடித்தார். வெளிச்சம் ஒரு முழம்கூடப் போகவில்லை.

"வேண்டாம்க்கா, தள்ளி வா" என்றார் அயர்ன்கார அக்கா.

டிரைவர் வண்டியின் பெரிய விளக்கைப் போட்டு அணைத்தார். போட்டு அணைத்தார். வண்டியை மெல்லத் திருப்பி, எல்லாப் பக்கமும் போட்டு அணைத்தார். டிக்கெட் கொடுக்கும் தகரக் கொட்டகை வெளிச்சத்தில் வந்தபோது அதன் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. பிறகு காஜா அக்கா வந்தார். ஒரு பிளாஸ்டிக் சாக்கைப் போர்த்தியிருந்தார். பல் கிட்டித்துப்போயிருந்தது. வேனில் ஏற்றி, ஜெர்கினைப் போட்டு, பிஸ்கட்டும் மாத்திரையும் கொடுத்தோம். பேச்சு வர வெகுநேரம் ஆனது.

"ரெண்டு பேர் கார்ல வந்தாங்க. ஏறிக்கச் சொன்னாங்க. நான் ஏறல. போயிட்டுத் திரும்பி வந்தாங்க. அதான் பின்னாடி போய் உக்காந்துட்டேன்."

அயர்ன்கார அக்கா அவர் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். காஜா அக்கா செக்கர் அக்காவைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார்.

"எனக்கென்ன பயம். நீ எண்ணுவ, ஒண்ணு கொறையும், பத்து நிமிஷத்துல வண்டி திரும்பிரும்னு உக்காந்திருந்தேன். ஏன் இவ்ளோ நேரம்? வழியில வண்டி ரிப்பேரா?"

அயர்ன்கார அக்கா சட்டென்று, "ஆமாக்கா, டயர்" என்றார்.

செக்கர் அக்கா எழுந்து, காஜா அக்காவுக்கு எதிரே போய்க் குனிந்து, வாய் தெரிய நின்றார்.

"டயர் இல்ல. நான் எண்ணினேன். சரியா இருந்துச்சு. உன் ஜெர்கின ஆளுன்னு எண்ணிட்டேன். உன் மக போன் பண்ணலன்னா ரூமுக்குப் போயித்தான் தெரிஞ்சிருக்கும்."

காஜா அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்ததா என்று தெரியவில்லை. பிறகு, "அவகிட்ட என்ன சொன்ன?" என்று கேட்டார்.

"நீ தூங்குறதாச் சொன்னேன்."

"சரி" என்றார் காஜா அக்கா. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்புறம் கீழே வந்து சேரும்வரை யார் வாயையும் அவர் பார்க்கவில்லை.

இன்னும் ஒரு மலையும் ஒரு நகரமும் பாக்கி இருந்தன. திரும்பிவிடலாமா என்று செக்கர் அக்கா கேட்டார். வேண்டாம் என்று காஜா அக்காதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அவர் எந்த இடத்திலும் வேனை விட்டு இறங்கவில்லை. ஏரிக்கரையில் நிறுத்தினால் கண்ணாடி வழியாக ஏரியைப் பார்த்தார். நகரத்துக் கடைத்தெருவில் நிறுத்தினால் கடைத்தெருவைப் பார்த்தார். சாப்பிடவும் இறங்கவில்லை, நாங்கள்தான் வாங்கிவந்து கொடுத்தோம். மகளிடம் தினமும் ஆறு மணிக்கு, "நல்லா சுத்திப் பாத்தோம்" என்று சொன்னார்.

ஏறியதும் பின்னாலிருந்து எண்ணுகிற குரலும் நின்றுபோனது. டிரைவர் தானே இறங்கி வந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

கடைசி நாள் கடற்கரையில் நிறுத்தினோம். எல்லோரும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார்கள். செக்கர் அக்கா இறங்கியவர், திரும்பி வந்து வேனின் படியில் நின்றார்.

"தண்ணியிலயாவது கால வெச்சுட்டு வரலாம். எறங்கு."

"நீ போ."

"நான் கையப் புடிச்சுக்கறேன்."

"நீ போயிட்டு வா. நான் இங்கதான் இருப்பேன்."

செக்கர் அக்கா போகவில்லை. உள்ளே ஏறிக் காஜா அக்காவின் சீட்டுக்குப் பக்கத்தில், நடைவழியில், தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். காஜா அக்கா குனிந்து பார்க்கவில்லை, எழுந்து போகச் சொல்லவும் இல்லை. நாங்கள் ஈரக் காலோடு திரும்பி வரும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.