கத்தி வைத்திருந்தவருக்குப் பொட்டு

ஃப்ரேமுக்கான கண்ணாடியைத் துடைத்து முடித்ததும் சுயம்பு சந்தனக் கிண்ணத்தை இழுப்பார். சாமியின் நெற்றியில், படத்தாளின் மேலேயே, சின்னதாக ஒரு பொட்டு வைப்பார். அதன் பிறகுதான் கண்ணாடியைப் பொருத்தி ஆணி அடிப்பார். "வெளிய வச்சா கைபட்டு அழிஞ்சிரும். உள்ள வச்சா பக்கா" என்பார். மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் முப்பது வருஷமாகப் படங்களுக்கு ஃப்ரேம் போடும் கடை. பிள்ளையாருக்கும் வைப்பார், வேளாங்கண்ணி மாதாவுக்கும் வைப்பார். ஒருத்தரும் ஒன்றும் சொன்னதில்லை.

என் சித்தி மகளைக் கட்டிய வகையில் எனக்கு அத்தான். ஆணியைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவதால் பாதி புரியாது. ஆணி இல்லாதபோதும் வாய் அப்படியே இழுக்கும்; மாப்பிள்ளைக்கு வாய் கோணலோ என்று என் சித்தி கல்யாணத்தன்றே அழுதாள்.

போன வாரம் நான் கடையில் இருந்தபோது ஜெபசெல்வி, ஃப்ரேம் போடக் கொடுத்திருந்த படத்தை வாங்க வந்தாள். அவள் அப்பா பர்த்தலோமேயு தாராவியில் தோல் பதனிட்டவர். அவர் பெயருள்ள புனிதரை உயிரோடு தோல் உரித்துக் கொன்றார்களாம். அதை ஐரோப்பாவில் எவரோ செப்புத் தகட்டில் கீறி அச்சடித்த படம், நானூறு வருஷப் பழசு. சர்ச் சாமியார் ஒருவர் அவருக்குக் கொடுத்தது. அப்பா சாகும்வரை பைபிளுக்குள் வைத்திருந்தார். அன்று சாயங்காலம் அவருக்கு நாற்பதாம் நாள் ஜெபம். அவர் போட்டோவுக்குப் பக்கத்தில் இதை மாட்ட வேண்டும்.

படத்தைப் பார்த்தவள் கண்ணாடியில் விரலை வைத்தாள்.

"அண்ணாச்சி, யாருக்குப் பொட்டு வச்சிருக்கிய?"

"சாமிக்குத்தான்."

"அவன் தோல உரிக்க வந்தவன். மரத்துல கட்டிக் கெடக்காருல்லா, அவருதான் புனிதர்."

சுயம்பு ஆணியைக் கையில் துப்பினார். "நடுவுல நிக்கான். தலப்பா கட்டிருக்கான். கையில கத்தி. கத்தி வச்சிருக்கவருதானம்மா சாமி?"

"எங்கள்ல வெட்டுப்பட்டவருதான் அண்ணாச்சி."

"எங்கள்லயும் வெட்டுப்பட்டவன்தான் சாமியாவான். சாமியான பொறவு கத்தி அவன் கைக்கு வந்திரும்லா? இவரு ஏன் இன்னும் கட்டிக் கெடக்காரு?"

அவள் படத்தைக் குனிந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். கட்டிக் கிடந்தவர் முகத்தில் வலியே இல்லை. அது வேறு குழப்பம்.

"சரி, சுரண்டிருங்க" என்றாள்.

ஆணிகளைப் பிடுங்கி, கண்ணாடியை எடுத்து, பிளேடைக் கத்திக்காரன் நெற்றியில் வைத்தார். சந்தனம் வரவில்லை. காகிதம்தான் மெல்லிய தோலாகச் சுருண்டு எழுந்தது. பிளேடைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னால முடியாது தாயி."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "மூடிருங்க. நேரமாவுது."

திரும்ப ஆணி அடித்து, இரண்டு கையாலும் நீட்டினார். அவள் பிடித்துக்கொண்ட பிறகும், கத்திக்காரன் நெற்றியை மூடியிருந்த பெருவிரலை அவர் எடுக்கவில்லை.