புளிக்காத பால்

ஐம்பதுகளின் கடைசியில் தென்காசியில் நான் ரசாயன வாத்தியார். குற்றாலத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் பால் கொண்டுவருவார். நெற்றி நிறையத் திருநீறு, பொக்கைவாய்ச் சிரிப்பு. அளந்து ஊற்றிவிட்டு உடனே போகமாட்டார். பாலைக் காய்ச்சி ஆற்றி, என் கைக்குழந்தை குடித்து முடிக்கும்வரை வாசலிலேயே நின்று பார்ப்பார். பங்குனி வெயிலிலும் அந்தப் பால் கெடாது என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்தான்.

அமிலப் பாடத்துக்கும் அந்தப் பாலையே கொண்டுபோனேன். காய்ச்சாமல் வைத்தால் எப்பேர்ப்பட்ட பாலும் மதியத்துக்குள் புளித்துவிடும், நீல லிட்மஸ் தாளைச் சிவப்பாக்கும் என்று பையன்களிடம் சொல்லியிருந்தேன். தாள் நீலமாகவே இருந்தது. சந்தேகப்பட்டுச் சிவப்புத் தாளை நனைத்தேன். அது நீலமாக மாறியது. பாலில் காரம் கலந்திருந்தது.

மறுநாள் காலை அவரிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி, பாலுல என்னத்தப் போடுதிய?"

"ஆப்பச்சோடாதான் சார்வாள். போடலைன்னா வெயிலுக்குத் திரிஞ்சிரும்லா?"

"உங்க வீட்டுப் பிள்ளையளும் இதத்தான் குடிக்குதுவளா?"

"சேச்சே! அதுகளுக்குத் தனியா எடுத்து வச்சிருவோம்லா," என்றார், அதே சிரிப்போடு.

சோடாவைக்கூட மன்னித்துவிட்டேன். என் குழந்தை கடைசிச் சொட்டுவரை குடிப்பதை அத்தனை வாஞ்சையோடு நின்று பார்த்தாரே, அதைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.