கார்டு கனத்து இடைவெளி

என் மேசை இழுப்பறையில் ஒரு விசிட்டிங் கார்டு இருக்கிறது. முன்பக்கத்தில் ஓர் ஆங்கிலப் பெயரும் தோட்ட மேனேஜர் என்ற பதவியும் அச்சாகியிருக்கின்றன. பின்பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு எண்ணெய்க் கறை. ஓரத்தில், அரிசி நீளத்துக்கு ஒரு பள்ளம். கறை அவருடைய காரை ஓட்டிய டிரைவர் அண்ணனின் விரலுடையது. பள்ளம் அந்த மேனேஜர் தொரையின் பழைய கார் வால்வு பதித்தது.

மலாயாவில், சுங்கை சிப்புட்டிலிருந்து ஆறு மைல் உள்ளே இருந்த கித்தாத் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் சின்னக் கிராணியாகச் சேர்ந்தது 1920களின் தொடக்கத்தில். ரப்பர் விலை விழுந்திருந்தது. ஆளைக் குறைக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள். வேலை நேரத்தில் உட்கார்ந்தாலே பெயரை அடித்துவிடுவார்கள். பெயர் போனால் தோட்டத்து ஆஸ்பத்திரியிலும் இடமில்லை. டிரைவர் அண்ணனின் மனைவி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. மலேரியா விட்டுவிட்டு வந்தது. பத்து மரத்தில் பால் வெட்டுவதற்குள் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவார். பக்கத்து மரவரிசையில் வேலை செய்த நிரைக்காரி அவர் மரங்களையும் சேர்த்து வெட்டுவாள். தொரையின் கார் இறக்கத்தில் வரும்போது மற்ற இரைச்சலெல்லாம் மரங்களுக்குள் அடங்கிவிடும்; இன்ஜினிலிருந்து வரும் ஒரு 'டக் டக்' மட்டும் தையல் மெஷின்போல முன்கூட்டியே கேட்கும். கேட்டதும் அவர் எழுந்து கத்தியை வாங்கிக்கொள்வார். இதை அந்த நிரைக்காரி எனக்குச் சொன்னது எல்லாம் முடிந்த பிறகு.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது டிரைவர் அண்ணனுக்கு முன்பே தெரியும். ஒரு முழக் குச்சியின் ஒரு முனையை இன்ஜின் மேல் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து ஒவ்வோர் இடமாகக் கேட்டிருக்கிறார். மூன்றாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் தண்டுக்கும் நடுவே இடைவெளி அதிகம். தொரை கேட்டபோதெல்லாம், "வயசான வண்டி தொரை, கெழவனுக்கு இருமல் இல்லாம இருக்குமா?" என்று சிரித்துச் சமாளித்தார். என்னிடம் மட்டும் ஒருமுறை சொன்னார்: "சத்தம் போடுற வால்வுக்கு ஒண்ணும் ஆவாது தம்பி. எடம் இல்லாம இறுகிக் கெடக்கு பாருங்க, அதுதான் சத்தமே இல்லாம வெந்து போவும்." அதை நான் தொழில் பேச்சாகவே கேட்டுக்கொண்டேன்.

ஒரு நாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து ஆட்கள் மரத்துக்குப் போய்விட்டார்கள். மறுநாள் கம்பெனி ஏஜண்டு வருவதாக இருந்தது. காரின் சத்தம் தொரைக்கு மானப் பிரச்சினையாகியிருந்தது. காரோடு வந்த சிறு புத்தகத்தை என்னிடம் நீட்டி, "நீ படி. இவன் கேக்கட்டும்" என்றார். எனக்கு இருபது வயது. என் ஆங்கிலத்தைத் தொரை கேட்கும் சந்தர்ப்பம் அதற்குமுன் வாய்த்ததில்லை. பக்கத்தைக் கண்டுபிடித்து உரக்கப் படித்து, தமிழிலும் சொன்னேன்: சீரான டக் டக் என்றால் வால்வு இடைவெளி, விசிட்டிங் கார்டு கனத்துக்கு வைத்தால் நின்றுவிடும், பத்து நிமிட வேலை.

டிரைவர் அண்ணன் என்னையே பார்த்தார். "பக்கம் மாறியிருக்கப் போவுது தம்பி. நல்லாப் பாருங்க."

"மாறல அண்ணே. படமே போட்டிருக்கு."

"வேற வண்டியோட புத்தகமா இருக்கும்லா."

தொரைக்குத் தமிழ் தெரியும். டிரைவர் அண்ணனால் அதற்குமேல் எதுவும் சொல்ல முடியாது. நானோ என் ஆங்கிலத்தைச் சந்தேகிக்கிறார் என்று கோபப்பட்டு, அட்டையில் இருந்த காரின் பெயரையும் எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினேன். தொரை பையிலிருந்து தன் கார்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றார். டிரைவர் அண்ணன் கார்டைச் செருகி, நட்டைத் திருகி, இழுத்துப் பார்த்தார். இன்ஜினைக் கிளப்பியதும் டக் டக் இல்லை. கார்டைப் புத்தகத்துக்குள் வைத்து என்னிடம் கொடுத்தார். "வச்சுக்குங்க."

அங்கிருந்து நேராக, பால்மரங்கள் நின்ற மலைக்காட்டுப் பக்கம் போனோம். ஆட்களின் பெயர் எழுதிய செக்ரோலுடன் நான் பின்சீட்டில். இறக்கத்து வளைவில் டிரைவர் அண்ணன் ஹாரனை அமுக்கினார். தோட்டத்துக்குள் ஹாரன் கூடாது என்பது உத்தரவு. "ஏன்?" என்றார் தொரை. "ஆடு, தொரை." சாலையில் ஆடு இல்லை. வளைவு திரும்பியதும் மரத்தடியில் அண்ணனின் மனைவி முழங்காலில் முகம் புதைத்து உட்கார்ந்திருந்தார். எழ முயன்று மரத்தைப் பிடித்ததில் பால் பிடிக்கும் மங்கு விழுந்து பால் கொட்டியது. தொரை அவர் பெயரை அடிக்கச் சொன்னார். பென்சிலால் அடித்தேன். டிரைவர் அண்ணன் திரும்பவில்லை. கைகள் ஸ்டீயரிங்கில் இருந்தன.

நான்காம் நாள் அண்ணன் மனைவிக்குக் காய்ச்சல் ஏறியது. அண்ணன் மாட்டுவண்டியில் சுங்கை சிப்புட்டுக்கும், அங்கிருந்து ரயிலில் ஈப்போ ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார். கார் அன்று ஷெட்டில்தான் நின்றது. தாயும் பிழைக்கவில்லை, பிள்ளையும் பிழைக்கவில்லை. எட்டாம் நாள் வேலைக்குத் திரும்பினார். நான் அங்கிருந்தவரை அந்தக் கார் சத்தம் போட்டதில்லை. ஒருநாள் ஷெட்டில் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். பானெட்டைத் துடைத்தபடியே, "நீங்க படிச்சது சரிதான் தம்பி" என்றார்.

பிறகு நான் பத்திரிகை வேலைக்குப் போனேன். இப்போது எனக்கும் ஒரு பழைய கார் இருக்கிறது. இரண்டு மாதமாக டக் டக் என்கிறது. பட்டறைகளில் இப்போது கார்டு வைத்துப் பார்ப்பதில்லை; அளவு பொறித்த எஃகுத் தகடுகள் வந்துவிட்டன. செமோர் ஊர்ப் பட்டறைக்காரர் பத்து நிமிட வேலைதான் என்கிறார். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கார்டின் ஓரத்தில் அந்தப் பள்ளம் இன்னும் விரலுக்குத் தட்டுப்படுகிறது.