சீக்கிரம் முடித்தவளின் அப்ரைசல்

ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் எங்கள் ஹவுஸ் ஓனரம்மா காலையில் தெலுங்கில் தண்ணீர் வந்ததா என்று கேட்பார். நான் தமிழில் பதில் சொல்வேன். அவர் அதை மாடி வீட்டுக்காரருக்குக் கன்னடத்தில் சொல்வார். மோட்டார் ஓடும். ஊத்தங்கரையில் இருக்கிற சொந்தக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் வந்துவிடலாம், அதென்ன பெரிய சீமையா என்கிறார்கள். சீமைதான். எல்லை தாண்டி கர்நாடகத்துப் பக்கம் இருக்கும் என் ஆபீசில் எல்லோரும் ஒரே இங்கிலீஷ் பேசியும் ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் புரிவதில்லை. அதைச் சீமை என்று சொல்லாமல் வேறென்ன சொல்ல?

நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். கணவர் சங்கர் ஓசூர் சிப்காட்டில் மெஷின் ஆபரேட்டர். இந்த வருடம் அப்ரைசல், அதான் வேலை மதிப்பீடு, நெருங்கியது. போன முறையே பதவி உயர்வு இல்லை. இந்த முறையும் அதே படியில் நின்றால் அடுத்த ஆள்குறைப்பில் என் பெயர்தான் முதலில் என்று காதுபடவே பேசினார்கள். ஏஐயை வைத்து எவ்வளவு வளர்ந்தாய் என்பதுதான் இப்போது எங்களை அளக்கிற கேள்வி.

வேடிக்கை என்னவென்றால், ஏஐ வந்தபின் என் வேலை பறந்தது. மூன்று நாள் வேலை அரை நாளில் முடிந்தது. அது எழுதித் தருகிற ப்ரோகிராமை வரிவரியாகப் படிப்பேன், சொதப்புகிற இடத்தைத் தூக்கிப் போட்டுத் திருத்துவேன். ஆனால் முடித்ததை யாருக்கும் காட்டாமல் மூடி வைத்திருந்து மூன்றாம் நாள்தான் அனுப்புவேன். இது சங்கரின் ஃபேக்டரி லைனில் இருந்து வந்த பாடம். ஓசூர் வந்த புதிதில் அவர் ஒருநாள் ஷிஃப்டு முடியும் முன்பே டார்கெட்டை முடித்துவிட்டுப் பெருமையாக நின்றார். மறுவாரம் ஸ்டாப்வாட்சோடு ஓர் ஆபீசர் வந்தார், மொத்த லைனுக்கும் டார்கெட் ஏறியது. கூட நின்றவர்கள் அப்புறம் வெகுநாள் அவரோடு டீ குடிக்கவில்லை. "எங்க வேணா வேலைக்குப் போ. சீக்கிரம் முடிச்சேன்னு மட்டும் காட்டிக்காத. பக்கத்துல நிக்கிறவனுக்கும் சேத்து ஏத்திருவானுங்க" என்பார். நானும் நல்ல பிள்ளையாகக் கேட்டேன்.

மேலாளர் ரவி தும்கூர்க்காரர். கன்னடம் கலந்த தமிழில் பேசுவார். அப்ரைசலுக்குத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "உங்க வேலை சுத்தம்மா, கம்ப்ளெயின்ட்டே இல்ல. ஆனா க்ரோத் எல்லி? எல்லாரும் ஓடறாங்க, நீங்க மட்டும் அதே ஸ்பீடு" என்றார். எல்லி என்றால் எங்கே. போச்சு, என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"சார், என் வேலை மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடுது. நான்தான் வெளிய காட்டறதில்ல" என்று கொட்டிவிட்டேன்.

அவர் முகம் மாறியது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "அப்போ மிச்ச நேரம் வேற கம்பெனிக்குப் பண்றீங்களா?"

"ஐயையோ! அதெல்லாம் இல்ல சார்!"

சங்கரின் கதையைச் சொன்னேன். பாதி கேட்டுச் சிரித்தார். அவர் ஒருநாளும் லைனில் நின்றவர் இல்லை. நல்ல வேலையை ஒரு மனுஷி எதற்கு ஒளிக்க வேண்டும் என்பது கடைசிவரை அவருக்கு விளங்கவில்லை. செய்து காட்டச் சொன்னார். அவர் எதிரிலேயே ஏஐ தந்ததில் பாதியைத் தள்ளிவிட்டு, ஏன் தள்ளினேன் என்றும் சொன்னேன். அந்த மாதமே என்னை டீம் லீட் ஆக்கினார்கள்.

சங்கர் பிரியாணி வாங்கி வந்தார். சாப்பிடும்போது, "இனிமே உங்க டீமுக்கு டார்கெட் ஏறிடுமே" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

"ஏன், என் வேலை போயிருந்தா நிம்மதியா இருந்திருக்குமா?"

"அட, அதில்லம்மா. நீ மேல போனதுல எனக்கு இல்லாத சந்தோஷமா? கூட இருக்கறவங்களப் பாத்துக்கன்னு சொன்னேன்."

லீடாக உட்கார்ந்த முதல் மீட்டிங்கில் கீர்த்தனாவின் முறை வந்தது. விருதுநகர்ப் பெண். கைக்குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வருகிறவள். தன் வேலைக்கு மூன்று நாள் ஆகும் என்றாள். சொல்லும்போது ரவியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். அவள் எத்தனை மணிக்கு முடிப்பாள், முடித்துவிட்டுக் காப்பகத்துக்கு எப்போது கிளம்புவாள் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படி ஒளித்தவள்தானே. ரவியும் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. மூணு நாள் ஆகுமா?"

அரை நாள் என்றால் அவருக்கு உண்மையாக இருப்பேன். மூன்று நாள் என்றால் அவளுக்கு.

"ரெண்டு நாள் சார்" என்றேன்.

ரவி பேனாவை மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கீர்த்தனாவும் பார்த்தாள். இரண்டு பேருமே, எதிர்ப்பக்கத்து ஆளைப் பார்ப்பதுபோல்தான் என்னைப் பார்த்தார்கள்.