எஸ்தர் போட்ட இரண்டு லைக்

போன வாரம் என் பக்கத்து வீட்டு எஸ்தர் ஃபேஸ்புக்கில் இரண்டு லைக் போட்டார். பார்த்துவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்து சிரித்தேன். லைக்குக்கெல்லாம் ஒரு பத்தியா என்று கேட்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

பிரேசர் டவுனில் நாங்கள் ஒரே காம்பவுண்ட். எஸ்தர் கணக்கு டீச்சர். ஆனால் ஆன்லைனில் பக்கா கட்சிக்காரர். எந்தக் கட்சி? சொல்ல மாட்டேன். சொன்னால் மீதியைப் படிக்காமல் சண்டைக்குக் கிளம்பிவிடுவீர்கள்... எனக்கு உங்களைத் தெரியாதா?

அவரோடு சர்ச் கொயரில் பாடும் மெர்சியும் அதே கட்சி. கட்சியின் ஏரியா குரூப்புக்கு மெர்சிதான் அட்மின். எதிர்க்கட்சிக்காரன் ஒன்று சொன்னால் இவர்கள் இருவரும் ஒன்பது சொல்வார்கள். நானும் அதே கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவன்தான். முறுக்கைக் கடித்துக்கொண்டே ரசித்துப் படிப்பேன்.

இப்படியிருக்க, மெர்சி ஒரு படம் போட்டார். எஸ்தரின் ஸ்கூல் தெரு, குண்டும் குழியுமாக. 'இதுதான் இந்த எம்.எல்.ஏ.வின் லட்சணம்!' எம்.எல்.ஏ. எதிர்க்கட்சிக்காரர். லைக் குவிந்தது. ஒரே ஒரு சிக்கல்... அது பழைய படம். புது ரோடு போட்டு முடித்தாகிவிட்டது. எஸ்தர் தினமும் அதில்தான் நடந்து போகிறார்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நானாக இருந்தால் சும்மா இருந்திருப்பேன். நம்ம கட்சிதானே! எஸ்தர் புது ரோட்டைப் படம் எடுத்துக் கீழேயே போட்டார். 'ரோடு இப்போ நல்லாருக்கு மெர்சி. அந்தப் படத்தை எடுத்துடு.'

அவ்வளவுதான். 'எவ்வளவு வாங்கின?' என்றது சொந்தக் கட்சி. நேற்றுவரை திட்டிய எதிர்க்கட்சியோ, 'சகோதரிக்கு நல்வரவு' என்று சொல்லி, அவர் எடுத்த படத்தின் மூலையில் தலைவர் முகத்தை ஒட்டிச் சுற்றுக்கு விட்டது. மெர்சி குரூப்பிலிருந்து அவரைத் தூக்கினார். கொயரிலும் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

"மத்தவங்க திட்டறது போகட்டும்ணா. மெர்சி என் மூஞ்சியப் பாக்காம போறா பாருங்க... அதுதான் தாங்கல" என்றார் எஸ்தர். கண் கலங்கியிருந்தது.

"பேசாம டெலீட் பண்ணிடும்மா" என்றேன். என் மாதிரி ஆள் வேறென்ன சொல்வான்?

"ரெண்டும் ரெண்டும் நாலுன்னு கிளாஸ்ல சொல்லிட்டு, ஃபேஸ்புக்ல மட்டும் அஞ்சுன்னு எழுதணுமா?"

டெலீட் செய்யவில்லை. இன்னொரு படம் போட்டார். அதே புது ரோட்டோரம், ஸ்கூல் கேட் பக்கத்தில், மோரி மேலிருந்த ஸ்லாப் உடைந்து கிடக்கிறது. மோரி என்பது சாக்கடைக்கு எங்கள் ஊர்ப் பேர். மழை வந்தால் ரோடும் மோரியும் ஒன்றாகிவிடும். எது ரோடு, எது குழி என்று சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியுமா? 'ரெண்டு கட்சியும் வாங்க. யாராவது விழறதுக்குள்ள இதை மூடணும்' என்று எழுதினார்.

வந்தார்களா? ஒரு லைக் இல்லை. திட்டியவர்களையும் காணோம், நல்வரவு சொன்னவர்களையும் காணோம். முதல் தடவையாக இரண்டு கட்சிக்கும் ஒரே கொள்கை! அன்றைக்குத்தான் எனக்குக் கட்சிப் பித்தம் தெளிந்தது.

எஸ்தர் விடவில்லை. காலையில் ஸ்கூலுக்கு முன்னால் வார்டு ஆபீஸ். "ஒந்து ஸ்லாப் அஷ்டே சார்", ஒரே ஒரு ஸ்லாப்தானே என்று கன்னடத்தில் கெஞ்சுவார். "நாளே மாடிஸ்தீனி மேடம்", நாளைக்குச் செய்ய வைக்கிறேன் என்பார் இன்ஜினியர். நாளை என்றால் நாளைக்குப் போய் நிற்பார். சாயங்காலம் ஸ்கூல் விட்டதும் குடையோடு மோரி ஓரத்தில் நின்று, பிள்ளைகளைத் தள்ளி நடக்க வைப்பார். மெர்சியின் மகளும் அந்த வழிதான். அவளையும் கையைப் பிடித்துத் தாண்டிவிடுவார்.

கடைசியில் இன்ஜினியர்தான் களைத்துப் போனார். ஸ்லாப் வந்தது. எஸ்தர் ஒரு படம் எடுத்து, 'மூடியாச்சு, தேங்க்ஸ்' என்று போட்டார்.

மறுநாளே இரண்டு கட்சிப் பக்கங்களிலும் அந்த ஸ்லாப்! ஒன்றில் 'எங்கள் முயற்சி', இன்னொன்றில் 'எங்கள் சாதனை'. இரண்டுமே எஸ்தர் எடுத்த அதே படம் – ஓரத்தில் அவர் குடையின் நுனிகூடத் தெரிகிறது. 'சாதனை'யைப் போட்டவர் மெர்சி.

எஸ்தர் இரண்டுக்கும் லைக் போட்டார்.

"ஏம்மா, ரெண்டு பேரும் புளுகறாங்க. லைக் வேறயா?"

"யாரு போட்டதுன்றதுதாண்ணா புளுகு. ஸ்லாப் நெஜம்தானே? பசங்க நடக்கறாங்களே!"

இந்த மனுஷி என் பக்கத்து வீடு என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதான், உங்களிடம் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கொயரில் மெர்சி வந்து எஸ்தர் பக்கத்தில் நின்றாராம். "பாட்டு புக்கு மறந்துட்டேன். கொஞ்சம் காட்டு" என்றாராம். வேறு பேச்சில்லை. "ஆனா ஒரே புக்கப் பாத்துப் பாடினோம்ணா" என்றபோது எஸ்தர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஸ்லாப் போட்டது யார் என்று அந்த இரண்டு படங்களுக்கும் கீழே இன்றும் சண்டை நடக்கிறது. மோரியை மூடியாகிவிட்டது... கமெண்ட் பாக்ஸை யார் மூடுவது?